தாஸ் அண்ணன் கண்ணில் கோளாறு இல்லை

லியோ,

வியாழக்கிழமை காலை நீ சமையலறை வாசலில் நின்று, "நீ இன்னாமா சொல்ற?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் குக்கர் வெயிட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆவி அடங்கவில்லை. அடங்கியிருக்காது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் நாம் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பால் வந்துவிட்டதா, தையல்காரர் உன் கோட்டைக் கொடுத்தாரா என்பதோடு சரி. என் மௌனத்தை நீ ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். தட்டைக் கழுவி வைக்கும்போதுகூட என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாய். அது தீர்ப்பு இல்லை. அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

எதிரே உட்கார்ந்து பேசியிருக்கலாம்தான். எனக்கு அது வராது என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா ஒரு மணி நேரம் பேசி ஒரு விஷயம் சொல்வார், நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே ஒரு வாரம் ஓட்டுவேன். அதனால் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். அப்பா படிக்கட்டும். நாளை ஞாயிறு பூசையில் உங்கள் கலியாண அறிவிப்பு ஓலையை வாசித்த பிறகு யாழினி வீட்டுக்கு வருவாள், அவளும் படிக்கட்டும். அவர்களுக்காக, உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றை நான் விளக்கிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

நடந்தது இது. திருவொற்றியூருக்கு அப்பால் இருக்கும் கன்டெய்னர் யார்டுக்கு உன் கம்பெனி ஒரு ப்ரோக்ராம் செய்துகொடுத்தது. அதில் முக்கியமான பகுதியை எழுதியவன் நீ. வெளியூரிலிருந்து வரும் சில கன்டெய்னர்களுக்குள் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்துப் புகை அடைத்திருப்பார்கள். அந்தப் புகை வெளியேறும் வரை கதவைத் திறந்து உள்ளே போகக் கூடாது. அப்படிப்பட்ட கன்டெய்னர் வந்தால் கேட்டில் நிற்கும் செக்கர் தன் கையிலுள்ள டேப்லெட்டில் ஒரு சிவப்புக் குறி போடுவார். உள்ளே திறக்கிற ஆட்கள் தங்கள் ஸ்க்ரீனில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவில் கை வைப்பார்கள். நம் பங்குக் கோயிலுக்கு வரும் தாஸ் அண்ணன் அந்த வேலை செய்கிறவர். அன்று காலை பார்த்தார், சிவப்பு இல்லை, திறந்தார், உள்ளே போனார், தலை சுற்றி விழுந்தார். கூட இருந்தவர்கள் இழுத்து வெளியே போட்டதால் பிழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்ததும், குறியைப் பார்க்காமல் திறந்துவிட்டார் என்று சொல்லி யார்டு அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. நான் குறி போட்டேன் என்று செக்கர் சத்தியம் செய்கிறார். குறி இல்லை என்று தாஸ் அண்ணன் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அது எப்படி என்பதை நீதான் புதன்கிழமை கண்டுபிடித்தாய். உன் மேலாளரிடம் போய்ச் சொன்னாய். அவர், "ஓசைப்படாமல் சரி பண்ணிடலாம். திங்கட்கிழமை மீட்டிங்ல நம்ம வாயால எதுவும் வர வேணாம். உனக்குக் கலியாணம் வேற நெருங்குது" என்றார். திங்கட்கிழமை அந்த மீட்டிங்கில் தாஸ் அண்ணனின் வேலை நிற்குமா போகுமா என்று முடிவெடுப்பார்கள். ப்ரோக்ராமை ஓட்டிக் காட்ட உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் என்ன சொல்கிறேன் என்று நீ கேட்டது இதைத்தான்.

இந்த வீட்டுக்கு நாம் குடிவந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குறுகலான மாடிப்படியில் அப்பாவின் தேக்குக் கட்டில் ஏறவே இல்லை. அப்பாவும் அவருடைய ஹார்பர் சிநேகிதரும் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கழற்றினார்கள். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. உன் பள்ளிப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து வந்து, ஒவ்வொரு காலிலும் ஒரு எண், அந்தக் கால் நுழைகிற துளையிலும் அதே எண் என்று எழுதிக்கொண்டே வந்தாய். "இன்னாடா இது, என் கட்டிலுக்கே நம்பர் பிளேட்டு மாட்றியா?" என்று அப்பா கேட்டார். மாடியில் பூட்டியபோது கட்டில் ஆடவே இல்லை. பழைய வீட்டில் அது ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் எந்தக் காலை எந்தத் துளையில் செருகுகிறோம் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

உன் வேலையையும் என் வேலையையும் யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வரும். ப்ரோக்ராமுக்குள் ஒரு கன்டெய்னர் முழுசாக நிற்கிறது. அதன் சீல், அதைக் கொண்டுவந்த லாரி, யார்டில் அதன் இடம், அதன் சிவப்புக் குறி, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே பொருளாக இருக்கின்றன. நீங்கள் அதை ஆப்ஜெக்ட் என்பீர்கள். ஆனால் ப்ரோக்ராம் நின்றால் அதுவும் இல்லை. நாளைக்கும் இருக்க வேண்டுமானால் டேட்டாபேஸில், அட்டவணைகளில், அதை இறக்கி வைக்க வேண்டும். அட்டவணைக்குக் கட்டில் தெரியாது, கட்டங்கள்தான் தெரியும். அதனால் கழற்ற வேண்டும். கன்டெய்னர் ஒரு அட்டவணையில், சீல்கள் இன்னொன்றில், லாரி மற்றொன்றில், எது எதனுடைய கால் என்று சொல்ல ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். வேண்டும்போது எண்ணைப் பார்த்து எடுத்து மறுபடி பூட்ட வேண்டும். கழற்றுவதையும் பூட்டுவதையும் கையால் செய்தால் அலுத்துப்போகும் என்பதால் அதற்கென்று நடுவில் ஒரு கருவியை வைத்திருக்கிறீர்கள்.

நீ பூட்டிய கட்டிலின் கட்சி, நான் கழற்றி வைத்த பலகைகளின் கட்சி. கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இத்தனை வருடம் டேட்டாபேஸ் அட்டவணைகளோடே உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன கட்சி இருக்கும். எத்தனை சாப்பாட்டு வேளைகளில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். "உனக்கு உலகமே கட்டம் கட்டமாத்தான் தெரியும்மா" என்பாய். "உனக்கு எல்லாமே காற்றில் நிற்கிறது" என்பேன் நான். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "சாம்பாரு ஆறிப்போய்க்கினு கீது. ரெண்டு பேரும் மொதல்ல அத்த எறக்குங்க" என்பார். இந்தச் சண்டைகள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

யார்டு ப்ரோக்ராமுக்கு நீ அமைத்த அட்டவணைகளை போன வருடம் எனக்குக் காட்டினாய். ஒரு தகவல் ஒரே இடத்தில்தான் இருந்தது, எண்கள் எல்லாம் சரியாகச் சேர்ந்தன. "பரவாயில்லை" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் பார்த்தபோதும் தவறு எதுவும் தெரியவில்லை, இன்றைக்குப் பார்த்தாலும் அட்டவணையில் தவறு இல்லை. உன் ஆப்ஜெக்டிலும் தவறு இல்லை. பூட்டிய கட்டில் எவ்வளவு நேரம் மாடியில் நிற்கும், அதற்குள் கீழே அட்டவணையில் யாராவது எதையாவது மாற்றுவார்களா என்ற கேள்வி உனக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அன்று காலை யார்டு ஆபீஸில் ஒரு பெண் அந்தக் கன்டெய்னரின் பக்கத்தைத் திறந்தாள். சீல் எண்ணில் ஏதோ பிழை, திருத்த வேண்டும். அவள் திறந்த கணத்தில் முழுக் கன்டெய்னரும் அவள் ஸ்க்ரீனுக்கு ஏறி வந்தது. அதில் குறி இல்லை. அப்போது அதுதான் உண்மை. அதற்குள் ஜன்னலில் ஒரு லாரிக்காரர் சத்தம் போட, பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அந்த இடைவெளியில் கேட்டில் செக்கர் சிவப்புக் குறி போட்டார். அட்டவணையில் குறி விழுந்தது. அவள் திரும்பி வந்தாள், சீல் எண்ணைத் திருத்தினாள், சேவ் செய்தாள். நடுவில் நிற்கிற கருவி, நீங்கள் அமைத்திருந்த விதத்தில், எதை மாற்றினாய் என்று அவளைக் கேட்கவில்லை. அவள் கையில் இருந்த முழுக் கன்டெய்னரையும் அட்டவணையில் இறக்கியது. புதிய சீல் எண்ணோடு சேர்ந்து, குறி இல்லை என்ற பழைய செய்தியும் இறங்கியது. சிவப்பு போய்விட்டது. யாரும் அழிக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரு காலத்து உண்மை, அவ்வளவுதான்.

இந்த விவரமெல்லாம் தெரிவதற்கு முன்பே, போன ஞாயிறு பூசை முடிந்து நீயும் நானும் தாஸ் அண்ணனைப் பார்க்கப் போனோம். உன்னை ஏன் கூட்டிப் போனேன் என்று எனக்கே தெரியாது. யார்டில் உனக்கு அவர்தான் முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்தார் என்று நீ சொல்லியிருந்தாய், அதனாலாக இருக்கும். அவர் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உன்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வா நைனா, கம்ப்யூட்டரு! கலியாண மாப்ள இங்க இன்னாத்துக்கு வந்த? தாலி கட்றதுக்கு முன்னால ஆஸ்பத்திரி கேஸெல்லாம் பாக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லலியா?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் அண்ணா" என்றாய். நீ உட்காரவில்லை. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவோரமாகவே நின்றாய்.

அவர் மனைவிதான் கோபமாக இருந்தார். "பாக்காம தொறந்துட்டாராம் அக்கா. இருவது வருசமா தொறந்துகினு கீறாரு, அன்னிக்கி மட்டும் பாக்காம போய்டுவாரா? செவப்பு இருந்திருந்தா இந்த மனுசன் அந்தப் பக்கம் தலவெச்சிப் படுப்பாரா?"

"நீ சும்மாரு மே" என்றார் தாஸ் அண்ணன். பிறகு உன் பக்கம் திரும்பி, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நான் பாத்தேன் நைனா. செவப்பு இல்ல. ஆனா நீ எய்துன மெஷினு தப்பா காட்டாதில்ல? என் கண்ணுதான் பேஜாராயிடுச்சோ இன்னாவோ. நாளைக்கி கண்ணு டாக்டராண்ட போலாம்னு கீறேன். கண்ணாடி மாத்தணும் போல" என்றார்.

நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தவன், புதன்கிழமைதான் நிமிர்ந்தாய். அந்த மூன்று நாட்களில் உன்னை யாரும் தேடச் சொல்லவில்லை. யார்டு கேட்கவில்லை, உன் மேலாளர் கேட்கவில்லை. ஒருவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார் என்பதற்காக நீயே தேடினாய். இதை நான் கவனித்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டேன்? அதற்கு வியாசர்பாடியில் யாழினி வீட்டுக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் எடுத்துச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கூட்டங்களில் அப்படி யாராவது ஆரம்பித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். மனிதர்கள் ஆப்ஜெக்ட் இல்லை, அட்டவணையில் இறங்குகிறவர்களும் இல்லை. ஆனாலும் நீ புதன்கிழமை அந்தச் சீல் எண்ணின் கதையைச் சொல்லி முடித்தபோது, அந்த ஆபீஸ் பெண்ணின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

யாழினி வீட்டில் முதல்முறை பேசப் போனபோது அவள் அம்மா, மாப்பிள்ளைக்கு என்ன சமைப்பது என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "எது வேண்டுமானாலும் சாப்பிடுவான். கருவாடு மட்டும் தொடமாட்டான். வாசனையே ஆகாது." நீ தரையைப் பார்த்தாய். யாழினி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அம்மாவுக்கு அடக்க முடியவில்லை.

"இன்னா சம்பந்தி சொல்றீங்க? போன சனிக்கிழம என் நெத்திலிக் கருவாட்டுச் சட்டிய சோறு போட்டு வழிச்சித் துன்னுட்டுப் போனது வேற யாரு?"

"ரெண்டாவது தபா சோறு கேட்டாரு அத்தை" என்றாள் யாழினி.

எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாதான் அதிகம் சிரித்தார். அவருக்குச் சிரிப்போடு வயிற்றெரிச்சலும் இருந்தது. நீ நான்கு வயதில் ஒருநாள் கருவாட்டு வாசனையில் வாந்தி எடுத்தாய் என்பதற்காக, அன்றிலிருந்து காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இந்த வீட்டில் கருவாடு வாங்கியதே இல்லை. "ஒருத்தன் வாந்தி எடுத்தான்னு எனக்கு ஆயுள் தண்டனை குட்த்துட்டியே மே. அவன் அங்க ஜாலியா துன்னுகினு கீறான்" என்று திரும்பி வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனால் அன்று நான் இன்னொன்றும் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பார்கள் என்று யாழினியின் அப்பா மெதுவாகக் கேட்டார். பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை செய்கிற மனிதர், எதையும் சத்தமாகக் கேட்காதவர். நான் உடனே, "ராயபுரத்தை விட்டு இவன் எங்கேயும் போக மாட்டான். மாடியில் ஒரு அறை எடுக்கப்போகிறோம்" என்றேன். அவர் தன் டீ டம்ளரைப் பார்த்தார். யாழினி உன்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாய், மாத்தூரில் ஒரு வீடு பார்த்துவிட்டீர்கள் என்று. அவள் பள்ளிக்கூடத்துக்கும், அவள் ஃபுட்பால் சொல்லித்தரும் பிள்ளைகளின் மைதானத்துக்கும் அது வசதி என்று. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கலியேமா" என்றாய். "நீயே சொல்லிட்ட."

உன் குரலில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். இல்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்கிற குரல் அது. நான் சொன்னதும் பொய்யில்லையே என்று பல நாள் எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். ப்ளஸ் டூ முடித்தபோது வெளியூர்க் கல்லூரி வேண்டாம் என்று அழுதவன் நீதானே, கடல் காற்று இல்லாமல் தூக்கம் வராது என்றவன் நீதானே. ஆமாம், அது நீதான், அன்றைக்கு. அந்த லியோவை நான் எப்போதோ கையில் எடுத்தேன். இடையில் லாரிக்காரர்கள் எத்தனையோ பேர் கூப்பிட்டுவிட்டார்கள். நீ வளர்ந்தாய், மாறினாய், கருவாடு சாப்பிட்டாய், ஒரு பெண்ணோடு வீடு பார்த்தாய். நான் திரும்பி வந்து, கையில் இருந்ததை அப்படியே உன் மேல் இறக்கிவிட்டேன். அன்பு இல்லாமல் செய்யவில்லை. அந்தப் பெண்ணும் ஒரு பிழையைத் திருத்தத்தானே உட்கார்ந்தாள்.

அதனால்தான் வியாழக்கிழமை நீ கேட்டபோது, வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கினேன். இந்த முறை உனக்குப் பதிலாக நான் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று யோசிக்கவில்லை. தாஸ் அண்ணனைக் கொல்லப்பார்த்தவனோடு எனக்குப் பேச்சில்லை என்பது போல அது உன் காதில் விழுந்திருக்கும். அப்படி இல்லை, லியோ. ஒரு கணம்கூட அப்படி இல்லை. என் அலுவலகத்தில் நானும் சேவ் பொத்தான்களை எழுதியிருக்கிறேன். அவற்றில் எதுவும் ஒருவரின் மூச்சில் போய் முடியாமல் இருந்தது என் திறமையால் இல்லை.

நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன். உனக்குப் பதிலாக இல்லை, என் பதிலாக. திங்கட்கிழமை மீட்டிங்கில் உன் நாற்காலியில் நான் இருந்தால் சொல்வேன். செக்கர் குறி போட்டார், தாஸ் அண்ணன் பார்த்தபோது குறி இல்லை, நடுவில் எங்கள் ப்ரோக்ராம் அதை அழித்தது என்று, அந்த ஆபீஸ் பெண்ணின் பெயரை இழுக்காமல் சொல்வேன். வேலை போகலாம். கலியாண நேரத்தில் போனால் கஷ்டம்தான், அதைச் சின்ன விஷயம் என்று உன்னிடம் சொல்ல நான் தயாராக இல்லை. உன் மேலாளர் கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன், அவருக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளின் சம்பளத்தை அவர் நினைத்திருப்பார். ஓசைப்படாமல் சரி செய்தால் இனிமேல் வரும் கன்டெய்னர்களுக்குக் குறி அழியாது, அதுவும் உண்மை. ஆனால் தாஸ் அண்ணன் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு, தன் கண்ணால் பார்த்ததைத் தானே நம்பாமல் இருப்பார். பார்த்ததைச் சரியாகப் பார்த்த மனிதர் அவர். அவருடைய உண்மையின் மேலும் இப்போது யாரோ எதையோ இறக்கி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ பேசாமல் வந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். உன் கம்பெனிக்கோ யார்டுக்கோ போக மாட்டேன். ஆனால் தாஸ் அண்ணன் வீட்டுக்குப் போய், உங்கள் கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்வேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாமல் நான் ஒன்றும் செய்யக் கூடாது என்பதால் சொல்லிவைக்கிறேன். திங்கட்கிழமை வரை அந்த வார்த்தை உன்னுடையது.

இந்தக் கோளாறுக்கு மருந்து ரொம்பச் சின்னது என்று யாழினிக்கும் அப்பாவுக்கும் தெரியட்டும். ஒவ்வொரு வரியிலும் கூடுதலாக ஒரு எண் வைக்க வேண்டும். யார் எதை மாற்றினாலும் அந்த எண் ஒன்று ஏறும். எடுத்துப் போகிறவர் எண்ணையும் சேர்த்து எடுத்துப் போவார். திரும்பி வந்து எழுதும்போது, என்னிடம் இருக்கிற எண்தான் இங்கேயும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் எழுதக் கூடாது. நீ போன பிறகு இங்கே ஏதோ மாறியிருக்கிறது, மறுபடி படித்துவிட்டு வா என்று ப்ரோக்ராம் திருப்பி அனுப்பும். வியாழக்கிழமையே உட்கார்ந்து நீ அதைச் சேர்த்துவிட்டாய், மேசையில் திறந்திருந்ததைப் பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறாய். பரவாயில்லை என்று சொல்லவில்லை, நன்றாகச் செய்திருக்கிறாய்.

பெற்ற பிள்ளையின் மேல் அப்படி ஒரு எண் எழுதியிருக்காது. கேட்டால்தான் தெரியும். மாத்தூரில் நீங்கள் இருவரும் வாழத் தொடங்கிய பிறகு, யாழினிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று உனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டதாக ஒரு நாள் தோன்றும். அன்றைக்கு ஒருமுறை அவளிடம் கேட்டுவிடு. உனக்கு நான் தருகிற அறிவுரை இது ஒன்றுதான். நான் பின்பற்றாதது என்பதால் கொஞ்சம் தயக்கத்தோடுதான் தருகிறேன்.

இன்று காலை அப்பா என்னிடம் கேட்டார், "இன்னா மே, திங்கக்கிழம வாயத் தொறப்பானா உம்புள்ள?" தெரியாது என்றேன். "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு நிஜமாகவே தெரியாது. பத்து வயதில் பீங்கான் ஜாடியை உடைத்துவிட்டு பூனையின் மேல் பழி போட்ட பையனை எனக்குத் தெரியும். போன வாரம் சாப்பிடாமல் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தவனை அவ்வளவு தெரியாது. அவன் என்ன செய்வான் என்று நான் ஊகிக்கப்போவதில்லை. ஊகித்தால் மறுபடி பழையதைத்தான் எடுப்பேன். அவனைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது.

திங்கட்கிழமை நேராக வீட்டுக்கு வா. என்ன நடந்தது என்று நீயே சொல். நான் குறுக்கே பேச மாட்டேன். காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன், வீடு முழுக்க வாசனை, அப்பா காலையிலிருந்து சமையலறையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எப்படிச் செய்வது என்று யாழினியின் அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டேன். காரம் எவ்வளவு போட வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அதை உன்னிடம் கேட்டுப் போடலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அம்மா